இருபத்திரண்டு கேத்தல்கள்

வூர்ட்ஸ்பேர்க்கில் தண்ணீர்
மலையைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டுதான்
குழாய்க்கு வருகிறது.
மலை என்றால் முன்னொரு காலத்துக் கடல்.
கடல் என்றால் அதில் செத்த சிப்பிகள்.
அவற்றின் மேல்தான் இப்போது
திராட்சை நிற்கிறது, மைன் ஆற்றைப் பார்த்தபடி.

விடுதியில் இருபத்திரண்டு அறை, அறைக்கொரு கேத்தல்,
ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளைப் பொருக்கு.
தேநீரில் செதில் மிதக்கிறதென்று
பன்னிரண்டாம் அறைக்காரர்
எழுதி வைத்துவிட்டுப் போனார்.
ஹெர் கோஸ்ட்லர் ஒரு போத்தல் வினாகிரி தந்தார்.
இவ்வளவு காலமும் இது காணும்தானே, என்றார்.
இவ்வளவு காலமும் பொருக்கும் இருந்ததுதானே
என்று நான் சொல்லவில்லை.
எனக்கு ஜெர்மனில் இன்னும் கோபப்பட வராது.
கணக்குப் பார்க்க வரும்.

வெள்ளிக்கிழமை இரவுப் பள்ளியில் பரீட்சை.
பாடம் பீசமானம்:
எதற்கு எது எவ்வளவு என்று கேட்பது,
மிஞ்சுவது எது என்று கேட்பது.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு
என்று நாங்கள் ஒரே வரியில் முடித்ததை
இங்கே பதினேழு பக்கம் எழுதியிருக்கிறார்கள்.

ஏழாம் அறையின் கேத்தலை
சமையலறைத் தராசில் வைத்தேன்.
வினாகிரி ஊற்றினேன். சீறியது.
ஒரு மூல் சுண்ணாம்பு நூறு கிராம்,
ஒரு மூல் அமிலம் அறுபது,
ஆனால் ஒன்றுக்கு இரண்டு வேண்டும்;
கொடுக்க ஓர் அமிலத்திடம் ஒரேயொரு ஐதரசன்தான்.

பெரிய கட்டிலின் விரிப்பும் அப்படித்தான்.
ஒரு தலைப்பில் நான், மறுதலைப்பில் மிரேலா.
இன்று அவள் பிள்ளைக்குக் காய்ச்சல்.
அடுக்கில் நாற்பது விரிப்பு இருந்தென்ன,
மடிந்தது ஒன்றுமில்லை.
இதற்குப் புத்தகத்தில் பெயருண்டு,
எல்லைப்படுத்தும் தாக்கி.
மிரேலாவிடம் சொன்னால் சிரிப்பாள்,
இல்லை, திட்டுவாள்.

தராசில் எண் இறங்கியது.
ஒன்று.
பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு இரண்டு.
காணாமல் போனது காற்றுத்தான்:
சிப்பி ஓட்டில் அத்தனை யுகம் பூட்டிக் கிடந்தது
திறந்த யன்னலால்
ட்ராம் தண்டவாளத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது.
கரைத்தது வினாகிரி, அதுவும் திராட்சையின் பிள்ளை.
மலை தன் வேரைத் தானே கழுவியது என்று
விடைத்தாளில் எழுதினால் புள்ளி வராது.

ஒன்று தசம் ஏழு ஆறு, என்றது என் கணக்கு.
இரண்டு, என்றது தராசு.
பாவம், அதற்குத் தசமம் தெரியாது.

சமன்பாடு
ஒரு கண்ணுக்கு வெண்ணெயும்
மறுகண்ணுக்குச் சுண்ணாம்பும் வைக்காது.
இடப்பக்கம் வந்த ஒவ்வோர் அணுவுக்கும்
வலப்பக்கம் ஒரு கதிரை உண்டு.
சம்பளத் துண்டைப் பார்க்கும்போது
எனக்கு அது நினைவுக்கு வரும்.

கேத்தலுக்கு நாலு கிராம் சுண்ணாம்பு.
மொத்தம் எண்பத்தெட்டு.
அதற்கு அமிலம் நூற்றைந்தரைக்குச் சற்று மேல்.
போத்தல் ஒன்றில் இருப்பதோ முப்பத்தேழரை.
ஏழு கேத்தல் முழுசாய், எட்டாவதில் முக்கால்,
அத்தோடு சரி.
துவாய்ச் சீட்டின் பின்பக்கம் எழுதி
மேசையில் வைத்தேன்:
மூன்று போத்தல். காரணம் கீழே.

ஹெர் கோஸ்ட்லர் கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார்.
ஒரு வரியும் பேசவில்லை.
மறுநாள் காலை படிக்கட்டடியில்
இன்னும் இரண்டு போத்தல் நின்றன,
விலைச்சீட்டுக் கிழிக்காமல்.

இருபத்திரண்டும் மினுங்கின.
பன்னிரண்டாம் அறைக்கு வேறு யாரோ வந்திருந்தார்கள்;
அவர்களுக்குத் தேநீர் பழக்கமில்லை.

வெள்ளி இரவு கடைசிக் கேள்வி:
மிகையாக எஞ்சும் தாக்கி எது, எவ்வளவு?
அது வேறு உலோகம், வேறு வாயு.
பேனாவைப் பிடித்த விரல்களை
மூக்கருகே கொண்டுபோனேன்.
புளித்தது.
ஆறு தசம் ஒன்பது கிராம்,
ஏறக்குறைய.